மேகம் தொட்ட மலைகள் – 9: தலவாக்கலையின் கிரேட் வெஸ்டர்ன்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் தலவாக்கலையையும் வட்டகொடையையும் தாண்டியதும் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். பெயர் கிரேட் வெஸ்டர்ன். சுற்றுலா ஊரான எல்லவுக்குப் போகும் அவசரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் இங்கே இறங்குவது குறைவு. ஸ்டேஷனுக்கு மேலே, 2,200 மீட்டரைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும் மலைக்கும் அதே பெயர்தான்.

ஏறுவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான விடியற்காலைகள்தான் நல்ல நேரம். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால், கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி அலை அலையாக மேலேறிவிடும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. நாங்கள் போனது பனி முழுதாக விலகாத ஒரு காலைப்பொழுது.

பாதை தேயிலைக்குள்தான் தொடங்குகிறது. நமக்கு அது மலையேற்றம். எதிரே கூடையோடு வந்த பெண்களுக்கோ வேலைக்குப் போகும் வழி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, நாம் மூச்சு வாங்கி நிற்கும் அதே சரிவில் அவர்கள் நிரை பிடித்து ஏறுகிறார்கள். வயதான ஓர் அம்மா என் காலைப் பார்த்துவிட்டு நின்றார். “தம்பி, மேல காட்டுல அட்டை ஏறும். சவுக்காரத்த நனைச்சுக் காலுல பூசிக்கிட்டுப் போங்க.” சொன்னதோடு விடவில்லை, பக்கத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து ஒரு துண்டு சவுக்காரமும் வாங்கித் தந்தார்.

அவர் கிள்ளிப் போட்ட கொழுந்தில் தண்ணீர் சொட்டியது. மலையகத் தோட்டங்களில் வெகுகாலமாக ஒரு வழக்கம் உண்டு: கொழுந்து ஈரமாக இருந்தால், நிறுக்கும்போது தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்துவிடுவார்கள். நாம் கடல் கடந்து பார்க்க வரும் இந்தப் பனி, அவர்கள் கணக்கில் கழிவாக விழுகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பனியை வெறும் அழகாக என்னால் பார்க்க முடியவில்லை.

தேயிலை முடியும் இடத்தில் காடு சட்டென்று தொடங்குகிறது. காற்றில் குறுகி முறுக்கிய மரங்கள், கிளையெல்லாம் பாசி. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறார்களே, அதன் உறவான சிவப்புப் பூ மரம் இங்கும் உண்டு. நம் குறிஞ்சி இனத்துச் செடியை இங்கே நெலு என்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும் குணமும் அதற்கு உண்டு. மூடுபனியை இலையும் பாசியும் வடித்துத் தரையில் இறக்குகின்றன. மழையில்லாத நாளிலும் ஓடைகள் வற்றாமலிருக்க இந்தக் காடு ஒரு காரணம். பள்ளத்தாக்கின் நீரைத் தலவாக்கலையில் மறித்து, 2012 முதல் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் நிலையம் இயங்குகிறது.

உச்சியில் பனி கொஞ்ச நேரம் விலகியது. தென்மேற்கே சிவனொளிபாத மலை. கிழக்கே இலங்கையின் மிக உயரமான, 2,524 மீட்டர் பிதுருதலாகல. கீழே கோடு கோடாக லயங்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார், 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது என்று இந்த மலைகளின் சரித்திரத்தை எழுதுகிறார்கள். அதற்கெல்லாம் முன்பே, கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து படகேறி வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வரத் தொடங்கிய இருநூறாண்டை நினைத்து 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். இத்தீவில் தமிழன் எழுதும் மலையேற்றக் கட்டுரையில் அந்த நடைக்கு முதலிடம் தர வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பனியில் பாதை பிரிவது தெரியாது. வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். ஊரிலிருந்தே ஆளை ஏற்பாடு செய்துகொண்டு வரவும் வேண்டாம். தோட்டத்தின் மேல், கீழ்ப் பிரிவுகளான மேக்கணக்கு, பணியக்கணக்கு எதிலும் விறகுக்குப் போய் மலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கூலியை முன்கூட்டியே பேசி, பேரம் பேசாமல் கொடுங்கள்.