பள்ளிப் பையில் ஒரு மாத்திரை

டிஷ்யூ தாளில் மடித்த அரை மாத்திரை. மேலே பேனாவால் 'மதியம்' என்று மட்டும் எழுதியிருக்கும். "மிஸ், சாப்பிட்டதும் இதைக் குடுத்துடுங்க" என்று வாசலிலேயே நீட்டிவிட்டு வண்டியைக் கிளப்பும் அம்மாவை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது, வேலைக்கு நேரமாகிறது. வாங்கி வைக்கும் ஆசிரியையையும் குறை சொல்ல முடியாது, மறுத்தால் பிள்ளைக்கு ஒரு வேளை மருந்து தவறிவிடும். ஆனால் தாளுக்குள் இருப்பது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், யாருக்கு உரியது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வகுப்பில் இரண்டு கவின்கள் இருந்துவிட்டால் இனிஷியல்தான் காப்பாற்ற வேண்டும்.

பள்ளிகளுக்கு மருந்து கொடுக்கவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2015 முதல் நடந்துவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி. அல்பெண்டசோல் ஒன்று. பிள்ளை அதை ஆசிரியரின் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. அன்று உடம்பு சரியில்லாத பிள்ளைக்குத் தரக் கூடாது. விழுங்கியவர் பெயருக்கு நேரே பதிவேட்டில் ஒரு டிக். விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்துக் கொடுத்துவிட்டு இரண்டு டிக். யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போது, கொடுத்தது யார் என்ற எல்லாக் கேள்விக்கும் அந்தப் பதிவேட்டில் பதில் உண்டு. ஆண்டுக்கு ஓரிரு நாள் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கை மற்ற நாட்களில் ஏன் கைவிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நீல மாத்திரை

வாரம் ஒரு முறை வளரிளம் பருவத்தினருக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை நீல நிறம். அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் 45 மி.கி. மேலே சர்க்கரைப் பூச்சு இருப்பதால் நாக்கில் வைத்ததும் இனிக்கும். ரத்தசோகைக்கு எதிராக இவ்வளவு மலிவான, பயனுள்ள ஆயுதம் வேறில்லை. ஆனால், எண்ணிக்கை கூடினால் இதே மாத்திரை நஞ்சு.

2023 மார்ச்சில் உதகையின் நகராட்சிப் பள்ளி ஒன்றில், அங்கே வைத்திருந்த சத்து மாத்திரைகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எடுத்து, யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி போட்டார்கள். ஒரு சிறுமி உயிரிழந்தாள். மாத்திரையில் குற்றமில்லை. பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் அது இருந்ததுதான் வினை.

இரும்பு நஞ்சில் இன்னொரு ஏமாற்று உண்டு. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். சில மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அதன் பிறகுதான் கல்லீரல் பழுதாகத் தொடங்கும். ஆகவே, அளவுக்கு மேல் விழுங்கியது தெரிந்தால் 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று காத்திருக்காமல் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வீட்டிலிருந்து வரும் மருந்து

மருத்துவரிடம் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைப் பள்ளி நேரத்தில் கொடுத்தே ஆக வேண்டுமா என்பது. மூன்று வேளை மருந்துகள் சிலவற்றைக் காலை, பள்ளி விட்டு வந்ததும், படுக்கும் முன் என்று மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றுக்குப் பதிலாக இரண்டு வேளை மருந்தே எழுதித் தருவார்கள்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடையில் வாங்கிய அட்டையோடு அல்லது பாட்டிலோடுதான் மருந்து பள்ளிக்கு வர வேண்டும். கூடவே மருத்துவர் சீட்டின் நகல், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், தொலைபேசி எண். சிரப் என்றால் இன்னும் கவனம் தேவை. பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லியில் 125 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. 'ஒரு மூடி கொடுங்கள்' என்றால் பாட்டில் மாறும்போது அளவு இரட்டிப்பாகிவிடும். பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியில் எத்தனை மில்லி என்று எழுதித் தருவதே சரி.

தலைவலி என்று வரும் பிள்ளைக்குக் கைப்பையைத் திறந்து தன் மாத்திரையைத் தரும் ஆசிரியையின் மனசு தங்கம்தான். ஆனாலும் தர வேண்டாம். காலையில் வீட்டில் என்ன கொடுத்தார்கள், எதற்கு ஒவ்வாமை என்பது அவருக்குத் தெரியாது. ஆஸ்பிரின் சிறுவர்களுக்கே ஆகாது. ஒரு போன் போட்டுக் கேட்க இரண்டு நிமிடம் போதும்.

பூட்டக் கூடாதவை

எல்லா மருந்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் ஆபத்துதான். ஆஸ்துமா பிள்ளை இரண்டாவது மாடியில் மூச்சுக்குத் திணற, இன்ஹேலர் கீழே அலுவலக அலமாரியில், சாவி கூட்டத்துக்குப் போன தலைமையாசிரியரிடம் என்றால் அந்தப் பூட்டால் என்ன பயன்? இழுக்கத் தெரிந்த பிள்ளையின் பையிலேயே இன்ஹேலர் இருக்கட்டும். சின்னப் பிள்ளையுடையது வகுப்பு ஆசிரியரிடம் இருக்கட்டும்.

டைப் 1 சர்க்கரை நோயுள்ள மாணவருக்கு இன்சுலினைப் போலவே சர்க்கரையும் மருந்துதான். கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ உடனே தர வேண்டும். வகுப்பில் சாப்பிடக் கூடாது என்ற விதி அங்கே செல்லாது. பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே இவர்கள் தின்பண்டம் எடுத்துச் செல்ல 2017-இல் சி.பி.எஸ்.இ. அனுமதித்தது. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். இன்சுலினைச் சூடான சாம்பார் டப்பாவோடு ஒரே பையில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத பள்ளியில், ஈர மணல் நிரப்பிய மண்பானையில் தண்ணீர் படாத டப்பாவுக்குள் வைக்கலாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆள் மாறியோ அளவு மாறியோ கொடுத்துவிட நேரலாம். அப்போது மறைக்காமல் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். சொன்னவரைத் தண்டிக்கும் பள்ளியில் அடுத்த தவறு வெளியே வராது.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு பூட்டுள்ள அலமாரி, ஒரு பதிவேடு, பொறுப்பு ஏற்க ஓர் ஆசிரியர், அவர் வராத நாளுக்கு இன்னொருவர். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரோடு இதையும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன மருந்து, என்ன ஒவ்வாமை என்பதை நாளைக்கே எழுதி வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள்.