மன்னவனூர் மலையில் "மக்கர்" பண்ணும் சொகுசு கார்!

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் பாதையில் ஏற்றமும் வளைவும் அதிகம். இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கார், பஸ்சுக்குப் பின்னால் ஊர்ந்தால் கிளட்ச் உரசிச் சூடேறும். பழைய கார் என்றால் உதறும், திணறும்!

இந்த வகை கியர்பாக்ஸ் கோளாறால் 2013-ல் சீனாவில் வோக்ஸ்வேகன் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது.

"வாரண்டி இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால் போதாது. கியர்பாக்ஸ், கிளட்ச் அதில் சேருமா? உங்கள் பெயருக்கு மாறுமா? எழுதி வாங்கணும். "கிளட்ச் தேய்மானம்" என்று கைவிரிக்கலாம்!

உதறல் தெரிந்த உடனே சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடுங்கள். வாரண்டி முடிந்தாலும், அதற்கு முன்பே புகார் செய்ததற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

மறுத்தால் 1915-க்கு போன் செய்யலாம். 2 ஆண்டுக்குள் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம்.