வயது வந்தபின் ஒரு முதல் பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், ஏழெட்டு வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு தம் வாழ்வின் முதல் பாவசங்கீர்த்தனத்தைச் செய்துவிடுகிறார். அம்மாவிடம் சொன்ன பொய், தம்பியை அடித்த அடி, பூசைக்குப் போகாமல் விளையாடிய ஞாயிறு என்பவற்றுக்கு மேல் அந்த வயதில் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை. நிலமும் கடனும் பிள்ளைகளும் பங்காளித் தகராறும் உள்ள ஒருவர் நாற்பது வயதில் அதையே முதன்முறையாகச் செய்ய நேரும்போது அது முற்றிலும் வேறொரு காரியமாகிவிடுகிறது. செய்த பாவங்களுக்காக மனம் வருந்தி, அவற்றைக் குருவானவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் வழியாகக் கடவுளின் மன்னிப்பைப் பெறும் சடங்கே பாவசங்கீர்த்தனம். இன்றைய திருச்சபை நூல்கள் இதனை ஒப்புரவு அருள்சாதனம் என்கின்றன. அருள்சாதனம் என்பது காணமுடியாத இறையருளைக் காணக்கூடிய அடையாளத்தின் மூலம் வழங்கும் சடங்கு. இத்தகையவை ஏழு என்பது கத்தோலிக்கப் போதனை. உயிர்த்தெழுந்த இயேசு பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடர்களுக்கு அளித்ததாக யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் கூறுவதையே திருச்சபை இதற்கு அடிப்படையாகக் கொள்கிறது.

தமிழ் மண்ணில் இச்சடங்கைப் பெருந்திரளாக முதலில் எதிர்கொண்டவர்கள் வயது வந்த புதுக்கிறிஸ்தவர்களே என்பது நினைவில் கொள்ளத்தக்கது. முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுக்கு அதைக் கொடுத்த போர்த்துக்கீசியக் குருக்களுக்குத் தமிழ் தெரியாது. 1542இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரும் மனப்பாடம் செய்த செபங்களையும் உடன்வந்த மொழிபெயர்ப்பாளர்களையும் நம்பியே போதிக்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு தன் குற்றத்தை அயல்நாட்டுக் குருவிடம் சொல்வது எவருக்கும் எளிதாக இருந்திருக்க முடியாது. சவேரியாருக்குப் பின் அக்கடற்கரையில் நெடுங்காலம் பணியாற்றி 1600இல் மறைந்த அண்ட்ரிக் அடிகளார், மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பாவசங்கீர்த்தனம் கேட்கும் அளவுக்குத் தமிழைக் கற்றுத் தேர்ந்தார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்று தமிழ் எழுத்தில் நூல்களை அச்சேற்றிய அவர், அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1580இல், பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூலை வெளியிட்டார். தொலைந்துபோனதாக நெடுங்காலம் கருதப்பட்ட அந்நூலின் படி ஒன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. தமிழ் அச்சுக்கலை பிறந்த மூன்றாம் ஆண்டிலேயே இத்தகைய நூலுக்குத் தேவை ஏற்பட்டிருக்கிறது என்றால், வயது வந்தவர் தம் குற்றத்தைத் தம் சொந்தமொழியில் எடுத்துச் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை அந்தத் துறவி நன்கு உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

இன்று காவிரிச் சமவெளியில், எடுத்துக்காட்டாக வெண்ணாறு பிரிந்து பாமணியாறும் கோரையாறும் கிளைக்கும் நீடாமங்கலம் வட்டாரத்தில், கத்தோலிக்கராகும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தாம் எந்த வழியாக உள்ளே வருகிறார் என்பதை. ஆகஸ்டு மாதக் கடைசியில் காவியுடை உடுத்து, தஞ்சாவூர் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் பலர் உண்டு. அவர்களில் ஒருவர் திருச்சபையில் சேர விரும்பினால், ஞானஸ்நானத்துக்கு முன்பு அவர் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை, செய்யவும் முடியாது. ஏனெனில் ஏனைய அருள்சாதனங்களுக்கு ஞானஸ்நானமே வாசல் என்பதும், அதுவரை அவர் செய்த பாவங்கள் அனைத்தையும் அந்தத் தண்ணீரே கழுவிவிடுகிறது என்பதும் திருச்சபையின் போதனை. பாஸ்கா திருவிழிப்பு இரவில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில், ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் நற்கருணையும் அவருக்கு ஒன்றாகவே வழங்கப்படுகின்றன. முதல் பாவசங்கீர்த்தனம் அதற்குப் பின்னரே, அந்த இரவுக்குப் பிறகு செய்த பாவங்களுக்காகவே வருகிறது. இதை அறியாமல், இளமைக்காலக் குற்றங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டுமோ என்ற அச்சத்தாலேயே ஆண்டுக்கணக்கில் தயங்கி நிற்பவர்கள் இருக்கக்கூடும் என்பதால் இச்செய்தியை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

ஆனால் 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கிய பணியின் வழிவந்த லுத்தரன் சபையிலிருந்தோ தென்னிந்தியத் திருச்சபையிலிருந்தோ வருபவரின் நிலை வேறு. தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவரின் பெயரால் முறைப்படி பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. அதை மறுபடியும் கொடுப்பதில்லை. ஆகவே அவர் திருச்சபையின் முழு உறவில் ஏற்கப்படுவதற்கு முன்பே, ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து, பெரும்பாலும் புத்தி தெரிந்த நாளிலிருந்து, செய்த கனமான பாவங்களை அறிக்கையிட வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் வேலை இவருக்குத்தான் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவருக்கு இன்னொரு சிறு இடர்ப்பாடும் எழும்: அங்கே களவைத் தடுக்கும் கட்டளை எட்டாவது, கத்தோலிக்க வரிசையில் ஏழாவது. எண்ணைச் சொல்லாமல் பாவத்தையே சொல்லிவிடுவது இக்குழப்பத்துக்கு எளிய தீர்வு.

ஆயத்தத்தின் படிகளைப் பழைய ஞானோபதேச முறை ஐந்தாக வகுத்தது. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவரும் ஆன்ம சோதனையும், அவற்றுக்காக வருந்தும் மனஸ்தாபமும், இனிச் செய்வதில்லை என்னும் உறுதியும் சடங்குக்கு முன்பே மனத்தில் நடப்பவை. குருவிடம் சொல்வதும் அவர் விதிக்கும் பரிகாரத்தை நிறைவேற்றுவதும் அவற்றைத் தொடர்பவை. சாவான பாவம், அற்பப் பாவம் என்ற பாகுபாடு ஆன்ம சோதனையில் பயன்படுகிறது. காரியம் கனமானதாக இருந்து, அது கனமானது என்று தெரிந்திருந்து, தெரிந்தும் மனமொப்பிச் செய்தால் அது சாவான பாவம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவ்வாறு ஆகாது. சாவான பாவங்களை வகை சொல்லி, எண்ணிக்கையும் சொல்ல வேண்டும் என்று 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்தது. எண்ணிக்கை என்பதற்குக் கணக்குப்பிள்ளையின் துல்லியம் தேவையில்லை. மாதம் இரண்டொரு முறை, மூன்றாண்டுகள் தொடர்ந்து என்பதுபோல நினைவுக்கு எட்டிய அளவில் சொன்னால் போதும். உண்மையாகவே மறந்துபோனது ஏனையவற்றோடு சேர்த்து மன்னிக்கப்பட்டுவிடும். பின்னால் நினைவுக்கு வந்தால் அடுத்தமுறை சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தாலோ அறிக்கை முழுவதும் பயனற்றதாகிவிடும்.

அச்சிட்ட ஆன்ம சோதனைக் கேள்விகள் பல பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஆலய வட்டாரங்களில், கிடைக்கின்றன. அவை உதவும், ஆனால் அவற்றில் பல எந்த ஊருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. வயது வந்தவர் தம் ஊரையும் தொழிலையும் வைத்துத் தம்மைக் கேட்டுக்கொள்வதே ஆழமாகச் செல்லும். தவக்காலம், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலம், இச்சமவெளியில் சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கூலியும் குத்தகையும் கடனும் கணக்குத் தீர்க்கும் மாதங்களை ஒட்டியே வருகிறது. 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் கூடாது என்று தெரிந்தும் காய்ந்த நெல்லுக்கு அடியில் ஈரநெல்லை மறைத்தது, நடவுக்கு வந்த பெண்களுக்குப் பேசிய கூலியில் பத்து இருபதைக் குறைத்தது, ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் அடுத்தவன் முறை இருக்கும்போது இரவோடிரவாக மடையை மாற்றிவிட்டது, வரப்பை வெட்டி வெட்டி ஒரு முழம் தன்பக்கம் சேர்த்துக்கொண்டது: இவையெல்லாம் களவைத் தடுக்கும் கட்டளைக்குள் அடங்குபவை. வேலையாளின் கூலியைப் பிடித்துவைப்பதை, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றாகத் திருச்சபை மரபு எண்ணுகிறது. ‘ஊரில் எல்லோரும் செய்வதுதானே’ என்ற ஆறுதல் ஆன்ம சோதனையில் செல்லாது.

சாதியும் அப்படியே. 1937ஆம் ஆண்டின் இறுதியில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டின் பொதுப்பந்தியில் உட்கார்ந்து உண்டதற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டு மொட்டையடிக்கப்பட்டனர். அந்த வரலாறு இவ்வூரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் தனிக்குவளை மனத்தோடு வாழ்பவர், கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாத் தேரிலும் சாதி பார்க்கும் பங்கில் அதற்குத் துணைபோகிறவர், அதைப் பாவமென்றே நினைக்காமல் பொய்யையும் கோபத்தையும் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவாரானால், அந்த ஆயத்தம் முழுமை பெற்றதாகாது என்று துணிந்தே சொல்லலாம்.

குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் குடும்பத்தில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராகியிருந்தால் முதல் கட்டளை பற்றிய ஐயங்கள் எழுவது இயல்பு. உறவினரோடு உடன்நிற்பதற்கும் வழிபாட்டில் பங்கேற்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பங்குக்குருவிடம் முன்கூட்டியே, பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, நிதானமாகப் பேசித் தெளிவது நல்லது. திருமணம் தொடர்பான சிக்கல்களுக்கும் இதுவே வழி.

சடங்கு சிறியது. 1973இல் திருத்தி வெளியிடப்பட்ட முறைப்படி, சிலுவை அடையாளம் வரைந்து, குருவின் வரவேற்பைப் பெற்று, இது தம் முதல் பாவசங்கீர்த்தனம் என்பதையும், தாம் மணமானவரா, என்ன தொழில் செய்பவர் என்பதையும் சுருக்கமாகத் தெரிவித்தபின் பாவங்களைச் சொல்லத் தொடங்கலாம். இலக்கணத் தமிழ் வேண்டியதில்லை. ‘சாமி, தம்பி பங்கு நெலத்துல ஒரு முழம் நம்ம பக்கம் சேத்துக்கிட்டேன், அவனுக்குத் தெரியாது’ என்று வீட்டில் பேசுவதுபோலவே சொல்லலாம். மனைவியின் குறையையோ அண்ணனின் கொடுமையையோ நீட்டி விவரிக்காமல் தன் செயலை மட்டும் சொல்வதே முறை, பெயர்களும் தேவையில்லை. நினைவு தடுமாறுமென்றால் ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வந்து பின்பு கிழித்துவிடலாம். குரு சில சொற்களில் அறிவுரை கூறி, பரிகாரமாக ஒரு செபத்தையோ நற்செயலையோ விதித்து, வருந்துபவர் மனஸ்தாப செபம் சொன்னதும், கைகளை நீட்டி மன்னிப்பு வழங்கும் மன்றாட்டைச் சொல்லுவார். வழியறியாமல் நடுவில் நின்றுபோனால் குருவே கேள்விகள் கேட்டு நடத்திச் செல்வார். முதல்முறை என்று தொடக்கத்திலேயே சொல்வது இதற்காகத்தான்.

சொன்னது வெளியே போகுமோ என்பதே சிற்றூரில் பெரிய அச்சம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சொல்லாலோ குறிப்பாலோ எக்காரணத்துக்காகவும் குரு வெளியிடக் கூடாது என்று விதிக்கிறது. நேரடியாக மீறுபவர் அக்கணமே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார். இரகசியம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக அண்டை மாநிலமான கேரளத்தில் எழுந்த புகாரையடுத்து, 2018இல் தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தன முறையையே நீக்கிவிடப் பரிந்துரைத்தது. கேரளப் புகாரில் பேசப்பட்டவர்கள் கத்தோலிக்கக் குருக்கள் அல்லர் என்றாலும், அச்சம் அனைவருக்கும் பொதுவானது. அதைப் புறந்தள்ளுவது நியாயமாகாது. வருபவர் தம் பங்குக்குருவிடமே போக வேண்டிய கட்டாயமில்லை. தம்மை அறியாத குருவிடம் போகலாம், முகம் தெரியாதபடி இடையில் பின்னல் தடுப்பு உள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு.

வயது வந்தவரின் ஆயத்தத்தில் கடினமான பகுதி பெரும்பாலும் இவற்றுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. களவு மன்னிக்கப்பட்டாலும் களவாடிய பொருள் உரியவருக்குத் திரும்ப வேண்டும். ஈடுசெய்தல் என்று ஒழுக்கவியல் இதனை அழைக்கிறது. திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாதவரின் மனஸ்தாபம் மனஸ்தாபமாகக் கொள்ளப்படுவதில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பு செய்தவற்றுக்கும் இது பொருந்தும்: பாஸ்கா இரவின் தண்ணீர் குற்றத்தையும் அதற்குரிய தண்டனையையும் நீக்கிவிடுகிறது, ஆனால் வெட்டிச் சேர்த்த வரப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. அதைக் குருவிடம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் தம்பிக்குக் கொடுத்தாக வேண்டும். உடனே முடியாதவர் தவணையில் தீர்க்கலாம். உரியவர் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கும், யாரென்றே தெரியாதுபோனால் ஏழைகளுக்கும் சேர்க்க வேண்டும். தான் இன்னார் என்று காட்டிக்கொண்டு அவமானப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. குறைத்துக் கொடுத்த கூலியை அடுத்த நடவில் கூட்டிக் கொடுக்கலாம், அஞ்சலில் அனுப்பலாம், குருவின் கையில் கொடுத்தும் சேர்ப்பிக்கச் சொல்லலாம்.