மரபணுவை வைத்து மனிதரை எடைபோடுதல்

ஒருவரின் மரபணுவைக் காரணம் காட்டி வேலை, காப்பீடு, குழந்தை பெறும் உரிமை ஆகியவற்றை மறுப்பது மரபணுப் பாகுபாடு. மரபணு என்பது இன்னதென்று தெரியும் முன்பே இந்தக் கொடுமை தொடங்கிவிட்டது. நல்ல பரம்பரையைப் பெருக்கி, கெட்ட பரம்பரையை ஒழிக்க வேண்டும் என்ற கொள்கைக்கு பிரான்சிஸ் கால்டன் 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயரிட்டார். அமெரிக்காவில் அது சட்டமாகவே ஆனது. வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு, மனவளர்ச்சி குன்றியவர் என்று சொல்லிக் கட்டாயக் கருத்தடை செய்ய உச்ச நீதிமன்றம் 1927-இல் அனுமதித்தது. அவரிடம் அப்படி ஒரு குறையும் இருந்ததில்லை. அவருடைய மகளும் பள்ளியில் நன்றாகவே படித்தாள். அந்நாட்டில் இவ்வாறு கருத்தடை செய்யப்பட்டோர் 60,000-க்கும் மேல். ஜெர்மனியில் நாஜிகளின் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுமார் 4 லட்சம் பேர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானார்கள்.

நல்ல நோக்கமும் இதே இடத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அரிவாள் செல் சோகை வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்து சேர வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அவர் வெறும் ‘தாங்கி’. பெரும்பாலும் நோயில்லாமல் வாழ்வார். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, கறுப்பின மக்களுக்கு இந்தப் பழுதைக் கண்டறியும் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. தாங்கி யார், நோயாளி யார் என்ற வேறுபாடு சரியாக விளக்கப்படவில்லை. விளைவு, ஆரோக்கியமானவர்களுக்கே வேலை மறுக்கப்பட்டது, காப்பீட்டுக் கட்டணம் கூடியது. விமானப்படைக் கல்லூரி 1981 வரை தாங்கிகளைச் சேர்க்கவில்லை. நோயைத் தீர்க்க வழியில்லாத காலத்தில் செய்த பரிசோதனை, முத்திரை குத்துவதற்கே அதிகம் பயன்பட்டது.

பின்னாளில் ஓர் அமெரிக்க ரயில் நிறுவனம், மணிக்கட்டு வலி என்று முறையிட்ட ஊழியர்களின் இரத்தத்தில் அவர்களுக்குத் தெரியாமலே மரபணுச் சோதனை நடத்தியது. 2001-இல் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் 2008-இல்தான் வந்தது. ஆயுள் காப்பீடு இன்றும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

மரபணுவைப் படிப்பதோடு நிற்காமல் எளிதாக மாற்றி எழுதவும் கிறிஸ்பர் முறை 2012-இல் வழி திறந்தது. நோயாளியின் உடல் செல்களில் செய்யும் திருத்தம் அவரோடு முடிந்துவிடும். கருவில் செய்வதோ வழிவழியாகத் தொடரும்; பிறக்கப்போகும் யாரிடமும் சம்மதம் கேட்க முடியாது. சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், எச்ஐவி தொற்றாதிருக்க சிசிஆர்5 மரபணுவைக் கருவிலேயே மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக 2018-இல் அறிவித்தார். அந்தத் தொற்றைத் தடுக்க எளிய வழிகள் இருக்கையில் இது மன்னிக்க முடியாத சோதனை. அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

பணமும் மனிதரைப் பிரிக்கிறது. அரிவாள் செல் சோகைக்கான கிறிஸ்பர் சிகிச்சையை 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஏற்றன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதற்குக் கடும் கீமோதெரபியும் பல வார மருத்துவமனை வாசமும் வேண்டும். அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறப்பது, இத்தகைய மருத்துவமனைகள் மிக அரிதாக உள்ள ஆப்பிரிக்க நாடுகளில்.