மென்படலமும் பொன் நானோதுகளும்: அகச்சிவப்பு உணரிகளின் புதிய வழி

சிவப்பு நிறத்திற்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத ஒளி உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800ஆம் ஆண்டில் முப்பட்டகத்தையும் வெப்பமானிகளையும் கொண்டு கண்டறிந்தார். அகச்சிவப்பு எனப்படும் அவ்வொளியை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியே அகச்சிவப்பு உணரி. இரவுக் கேமராக்கள் முதல் விண்வெளித் தொலைநோக்கிகள் வரை பலவும் இதையே நம்பியுள்ளன.

ஒளியின் ஆற்றல் துணுக்கான ஃபோட்டான், குறைக்கடத்தியில் கட்டுண்டிருக்கும் எலக்ட்ரானை விடுவிக்கும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அதற்குத் தேவைப்படும் குறைந்த அளவு ஆற்றலை ஆற்றல் இடைவெளி என்பர். சிலிக்கானில் இது ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், 1,100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஒளி அதில் தங்காமல் ஊடுருவிச் சென்றுவிடும். பாதரச காட்மியம் டெல்லுரைடு போன்ற சேர்மங்களில் இவ்விடைவெளி சிறிது என்பதால், அவை அத்தகைய ஒளியையும் உணரும். எனினும், அறை வெப்பமே எலக்ட்ரான்களை விடுவிக்கப் போதுமானதாகி, ஒளியே விழாதபோதும் 'இருள் மின்னோட்டம்' பாய்ந்து உண்மையான குறிப்பை மறைத்துவிடுவதால், இவ்வகை உணரிகள் பலவற்றைத் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான சுமார் −196 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டியுள்ளது.

இத்தொல்லையைத் தணிக்க ஒரு வழி, குறைக்கடத்தியை மிக மெல்லிய படலமாக, அதாவது மென்படலமாக, அமைப்பது. பொருளின் பருமன் குறைந்தால் அதனுள் வெப்பத்தால் எழும் இருள் மின்னோட்டமும் குறையும் என்பதே மென்படலத்தின் சிறப்பு. ஆனால் படலம் மெலியும்போது அது உறிஞ்சும் ஒளியும் குறைகிறது. ஓரணுத் தடிமனே கொண்ட கிராஃபீன் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2.3 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சுகிறது.

இந்தக் குறையை ஈடுசெய்யவே உலோக நானோதுகள்கள் பயன்படுகின்றன. பொன் துகளின்மீது ஒளி படும்போது அதிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒருசேர அலைவுறுகின்றன. பிளாஸ்மான் எனப்படும் இவ்வலைவு, துகளைச் சுற்றிச் சில பத்து நானோமீட்டர் எல்லைக்குள் ஒளியின் மின்புலத்தைச் செறிவாக்குவதால், அங்கே அமைந்த மென்படலம் தன் தடிமனுக்கு மிஞ்சிய ஒளியை உறிஞ்சுகிறது. சிறு பொன் உருண்டைகள் பச்சை ஒளிக்கே வலுவாக அதிர்வுறும். அவற்றைக் கோல்களாக நீட்டினால் அதிர்வு அகச்சிவப்பை நோக்கி நகரும். 2011இல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலிக்கான்மேல் பொன் கோல்களை அமைத்து, அவற்றில் ஆற்றல் பெற்ற எலக்ட்ரான்கள் உலோகத்திற்கும் சிலிக்கானுக்கும் இடையிலுள்ள தடையைத் தாண்டும்படி செய்து, சிலிக்கான் தானாக உணர இயலாத ஒளியையும் உணர்ந்து காட்டினர்.

எனினும், உலோகம் பெறும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. துகள் படலத்தை நேரே தொட்டால், விடுபட்ட எலக்ட்ரான்கள் பயன்படுமுன்பே ஆற்றலை இழக்கவும் கூடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய மின்காப்புப் படலம் இடப்படுவதுண்டு. அது தடித்துவிட்டாலோ, செறிவூட்டப்பட்ட மின்புலம் ஒளியை உறிஞ்சும் மென்படலத்தை எட்டாது. துகளின் வடிவம், அளவு, இடைவெளி ஆகியவற்றை இவ்வளவு நுட்பமாக இசைவிக்கும் உழைப்பு வெல்லுமாயின், கனத்த குளிர்விப்புக் கருவியின் துணை குறைந்த, சிறிய அகச்சிவப்பு உணரிகள் மருத்துவத்திற்கும் வேளாண்மைக்கும் எளிதில் எட்டும்.