'கேஸ் தீர்ந்துடுச்சு' என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

காலையில் பாலை எடுத்துக் காய்ச்சினால் திரிந்துபோகிறது. நேற்று அரைத்த இட்லி மாவு பொங்கி, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் கையை வைத்தால் ஜில்லென்று இல்லை. தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்கள். அவர் கதவைத் திறந்து பார்த்து, பின்னால் போய் கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்து, இரண்டே நிமிடத்தில் சொல்கிறார்: "கேஸ் தீர்ந்துடுச்சு சார், ஃபில் பண்ணணும்." சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. பத்து நாளில் மறுபடியும் பால் திரிகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததுதான் இது. ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் போட்டோம். மூன்றாவதாக வந்தவர் மாற்றியது ஒரு சின்ன ஹீட்டரை மட்டும். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுப்பு சிலிண்டர் மாதிரி ஃப்ரிட்ஜ் கேஸ் எரிந்து செலவாவதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கும். பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ உள்ள குழாய்களில் அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டு அது திரவமாகும். பிறகு உள்ளே போய் ஆவியாகும்போது பாலிலும் மாவிலும் உள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பத்து வருடம் ஓடினாலும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால், போட்டதும் அதே வழியில் போய்விடும்.

அதனால் "கேஸ் இல்லை" என்று யாராவது சொன்னால், "எங்கே லீக் ஆகுது, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மேலே ஐஸ், கீழே சூடு

இரண்டு கதவு வைத்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் அடிக்கடி வரும் புகார் இது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டி கெட்டியாக இருக்கும்; கீழ்த்தட்டில் வைத்த குழம்பு மட்டும் கெட்டுப்போகும். கேஸ் குறைந்தால் பொதுவாக முதலில் ஃப்ரீசரே தடுமாறும். ஃப்ரீசர் நன்றாக இருந்து கீழே மட்டும் குளிரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கேஸை அல்ல, காற்று போகிற வழியை.

இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாவது ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காயிலில். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. காயிலில் உறைபனி படியும். அதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உருக்க ஒரு ஹீட்டரும், எப்போது உருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள சென்சார், டைமர் அல்லது போர்டும் இருக்கும். இவற்றில் ஒன்று போனாலும் பனி மலைபோல் சேர்ந்து காற்று வழியை அடைத்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். முதலில் ஃப்ரீசர் கதவைத் திறந்து, விளக்கை அணைக்கும் சின்ன பட்டனை விரலால் அழுத்திப் பிடியுங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேன் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் ஃபேனில் பிரச்சினை இருக்கலாம். அடுத்து, உள்ளே இருப்பதைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒருநாள் முழுக்க விட்டுவிடுங்கள். கீழே பழைய துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள், தண்ணீர் நிறைய வரும். மறுநாள் ஆன் செய்த பிறகு சில நாள் அருமையாகக் குளிர்ந்து, மறுபடி பழைய நிலைக்கு வந்தால் பழுது பனி உருக்கும் பகுதியில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் இல்லாத ஃப்ரிட்ஜ் ஒருநாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடாது. மெக்கானிக் வந்ததும் இந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லுங்கள். பேச்சின் போக்கே மாறும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எப்படித் தெரியும்? கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், ஆனால் ஃப்ரீசரிலும் ஐஸ் பிடிக்காது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் ஃப்ரீசர் தகடு முழுக்கப் பனி படியாமல் ஒரு மூலையில் மட்டும் படியும்.

கூப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம்

குமிழியில் உள்ள 1, 2, 3 என்பது டிகிரி இல்லை. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர் கூடும். பலர் இதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். கீழ்ப்பகுதி 4 டிகிரி செல்சியஸ் அளவிலும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

கதவு ரப்பரைச் சோதிக்க உங்கள் மொபைலே போதும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டார்ச் எரிகிற மொபைலைக் கதவைப் பார்த்தபடி உள்ளே வைத்து மூடுங்கள். ஓரத்தில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே குளிரும் கசிகிறது. மொபைலில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்தால், கதவை மூடியதும் உள்விளக்கு அணைகிறதா என்றும் பார்த்துவிடலாம். அணையாத விளக்கு உள்ளே சூடு போட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் அழுக்காக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி சரியாகும். கிழிந்திருந்தால் அந்த மாடலுக்கான ரப்பரை மாற்றுங்கள்.

பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை தெரிகிற மாடலா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வலை தெரியாத புது மாடல்களில் அந்தக் குழாய் பக்கச் சுவருக்குள் இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் சூடாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் சுவரோடு ஒட்டி, மேலே துணி போர்த்தி, அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்து வைத்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் வந்து கம்ப்ரஸர் ஓடாமல் நின்றால், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம் அல்லது ரிலே போயிருக்கலாம். கம்ப்ரஸரை மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு முன் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விலையில் மடுவுக்கும் மலைக்குமான வித்தியாசம். தெரு முழுக்க ஃபேன் மெதுவாகச் சுற்றினால் குறை உங்கள் ஃப்ரிட்ஜில் இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987-ல் புகார் சொல்லலாம்.

கத்தி எடுக்காதீர்கள்

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் சேர்ந்தால் குமிழியின் நடுவில் உள்ள டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அவசரப்பட்டுக் கத்தி, கரண்டிக் காம்பு எதையும் எடுத்துக் குத்தாதீர்கள். அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒரே குத்தில் ஃப்ரீசரே போய்விடும்; நல்ல ஃப்ரிட்ஜை நாமே பழுதாக்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய பல மாடல்களில் இருப்பது ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன். ஓசோனைக் கெடுக்காது, ஆனால் தீப்பிடிக்கும். கேஸ் வேலை நடக்கும்போது அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு கிராம் கேஸ் என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். கசிவை அடைத்து, வாக்யூம் போட்டு, அந்த அளவை எடை பார்த்து ஏற்றுவதுதான் முறை.

கதவைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? செருப்பு போட்டுக்கொண்டு திறப்பது தீர்வு ஆகாது. உடனே மெயின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகவே கூடாது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பொருத்தியிருந்தால் இப்படிப்பட்ட கசிவில் அது கரண்டைத் துண்டித்துவிடும். மழை வெள்ளத்தில் நனைந்த ஃப்ரிட்ஜையும் சோதிக்காமல் ஆன் செய்யாதீர்கள்.

பின்னால் ஒரு தட்டு இருக்கிறது

கம்ப்ரஸருக்கு மேலே, பனி உருகிய தண்ணீர் சேர ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தத் தண்ணீர் போதும்; முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம்தான். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்ததும் "ஃப்ரிட்ஜ் பின்னாடி பார்க்கணும்" என்று கேட்பது இதற்காகத்தான். வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே காய்கறிப் பெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கினால், பின்சுவரில் உள்ள சின்ன வடிகால் துளையில் ஏதோ அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும்.

கரண்ட் போனால், இன்சுலின் இருந்தால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் ஆரம்பித்துப் பல மணி நேரம் நீடிக்கும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் பொதுவாக 4 மணி நேரம் வரை தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. நம் ஊர் மே மாத வெயிலில் கொஞ்சம் குறைத்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மீனையும் கறியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கதவு ரேக்கில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடலாம். நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. நீண்ட மின்தடையில் ஐஸோடு ஒட்டாமல், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு ஈர மண்பானைக்குள் வைப்பது நல்ல மாற்று. நிறமோ தன்மையோ மாறியிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பில்லை இன்றே போட்டோ எடுங்கள்

கடையில் தருகிற வழவழப்பான பில்லில் எழுத்து ஓரிரு வருடத்தில் மங்கிவிடும். பில், வாரண்டி அட்டை, சீரியல் எண் மூன்றையும் மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். '10 வருட வாரண்டி' என்று கதவில் ஒட்டியிருப்பது பல நேரம் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கேஸ், கூலி, போக்குவரத்து தனியாக இருக்கலாம். அட்டையைப் படித்துவிட்டுப் பேசுங்கள். வேலை முடிந்ததும் என்ன பழுது, எந்தப் பாகம், எவ்வளவு ரூபாய் என்று எழுதிய ரசீது கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தாலோ, செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

பழைய ஃப்ரிட்ஜை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள், புதியதன் நட்சத்திர லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். அதை ஆறால் வகுத்தால் நம் இரண்டு மாத பில்லில் அதன் பங்கு தோராயமாகத் தெரியும். 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு முக்கியம். அதைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடுகிறது.

பழையதைத் தெருவில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் ஃப்ரிட்ஜும் வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடமோ, எக்ஸ்சேஞ்சில் கடையிலோ கொடுங்கள். வண்டி வரும் வரை மாடியிலோ திண்ணையிலோ வைக்க வேண்டியிருந்தால் முதலில் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய் மாட்டிக்கொண்டால், அது கத்துவது வெளியே கேட்காது.