இடது அக்குளில் நெறி கட்டினால்

2021 ஜூனில் சென்னையை அடுத்த கோவளம் செய்தியில் அடிபட்டது. கொரோனா ஊசி என்றாலே ஒதுங்கிய மீனவர் ஊரில், போட்டுக்கொண்டால் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு என்று தொண்டு அமைப்புகள் அறிவிக்க, கூட்டம் வந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு எழுந்த வேறொரு கேள்வி அவ்வளவாகப் பேசப்படவில்லை: சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, வயசும் குறைவு. அவரை மட்டும் கொரோனா ஏன் ஐ.சி.யூ. வரை இழுத்துப்போனது?

2020 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பகுதி விடை வந்தது. வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தச் சுரப்பது இன்டர்ஃபெரான். கொரோனா முற்றிய 659 பேரைச் சோதித்ததில், சுமார் 3.5 சதவீதத்தினருக்கு அதற்கான மரபணுக்களில் பிறவிக் கோளாறு.

இப்படி நானூறுக்கும் மேற்பட்ட பிறவி எதிர்ப்புக் குறைபாடுகள் உண்டு. மிகக் கொடியது ‘ஸ்கிட்’. நோய் எதிர்ப்புக்கு அடிப்படையான டி செல்களே இருக்காது. அமெரிக்காவில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்த டேவிட் வெட்டருக்கு இதுதான். சிகிச்சைக்காக ஏற்றிய அக்காவின் எலும்பு மஜ்ஜையோடு ஒளிந்து வந்த வைரஸால் 1984இல், பன்னிரண்டு வயதில் இறந்தான்.

அவனுக்கு வந்தது தாய்வழி வகை. சொந்தத்தில் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வரும். மற்ற பல வகைகளுக்கு அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுது இருக்க வேண்டும்; அப்படி அமைந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் தமிழ்நாட்டில் இது தள்ளிவிடக்கூடிய கணக்கல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள்தான்.

‘அந்த வீட்டில் பிள்ளை தங்காது’ என்று ஊர் சொல்லும். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மூத்த குழந்தை கைக்குழந்தையிலேயே நிமோனியாவிலோ ஓயாத வயிற்றுப்போக்கிலோ போயிருந்தால், அடுத்ததற்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்த ரிப்போர்ட். சாதாரண சி.பி.சி. போதும். பச்சிளங்குழந்தைக்கு லிம்போசைட் என்னும் வெள்ளணு வகையின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 3,000க்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விலை அதிகமில்லாத அந்தத் தாளில் வெள்ளணுக்களின் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. பிறந்த உடனே போடும் பி.சி.ஜி.யும் போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமியால் ஆனவை. மற்றக் குழந்தைகளுக்குக் கவசம். ஸ்கிட் குழந்தைக்கு அதுவே நோய். பி.சி.ஜி. போட்ட இடது கைப்பக்க அக்குளில் நெறி கட்டுவது பெரும்பாலும் தானே வற்றிவிடும். அதோடு நாக்கில் போகாத வெள்ளைப் படலமும் எடை ஏறாமையும் விடாத இருமலும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. இதனால் ஊசியே வேண்டாம் என்று கிளம்பிவிட வேண்டாம். ஊசி போட முடியாத இந்தக் குழந்தைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட தட்டம்மை ஊசிதான் வேலி.

மஜ்ஜை மாற்று சிகிச்சையில் ஸ்கிட் குணமாகும். மூன்றரை மாதத்துக்குள் செய்த அமெரிக்கக் குழந்தைகளில் 94 சதவீதம் ஐந்தாண்டு தாண்டிப் பிழைத்ததாக 2014இல் ஆய்வு வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கிறது. சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் பொருந்தும் மஜ்ஜை உறவினரிடமே கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். மத்திய அரசின் 2021 அரியநோய்க் கொள்கையின் முதல் பிரிவில் ஸ்கிட் இருக்கிறது. உதவித்தொகை வரம்பு 2022இல் 50 லட்ச ரூபாய் ஆனது. அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையத்தில் பதிந்தால்தான் அந்தப் பணம் வரும்.